இரவு இரண்டு மணி, குத்தாயிசி

சாவியைக் கொடுக்கும்போதே நானுலி சொல்லிவிட்டாள்,
பிள்ளைகள் அழுதால் அழட்டும்,
நான் எப்படியும் தூங்குவதில்லை என்று.
கீழ்வீட்டில் உட்கார்ந்து இரவெல்லாம்
டாக்ஸி கம்பெனிக்குப் போன் எடுக்கிறவள்.
குத்தாயிசியின் குடிகாரர்களில் பாதிப்பேருக்கு
வீட்டுக்கு வழி சொல்வது அவள் குரல்தானாம்.

மூன்றரை மணி நேரம் பறந்திருந்தோம்.
அதில் இரண்டு மணி நேரம்
கஷ்பர் முன்சீட்டை உதைத்துக்கொண்டிருந்தான்.
அந்த மனுஷர் திரும்பவே இல்லை.
திரும்பியிருந்தால்
மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருப்பேன்.

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது,
பிர்னோவின் குளிர்காலம் முழுக்கப்
பால் கொடுத்தபடியே ஒற்றைக் கையால் சேர்த்தது.
குகை.
குகைக்குள் தள்ளுவண்டி ஆகாது.
மலைமேல் மடாலயம்.
மூன்றாவது வளைவில் அநேஷ்கா
குடித்ததையெல்லாம் ராதிமின் சட்டைக்குத் திருப்பிக் கொடுத்தாள்.
டிரைவர் ஒன்றும் பேசாமல் வண்டியை ஓரங்கட்டி
டிக்கியிலிருந்து தன் மாற்றுச் சட்டையை எடுத்து நீட்டினார்.
விடுமுறைப் படங்கள் எல்லாவற்றிலும்
யாரோ ஒருவரின் கட்டம்போட்ட சட்டையில்
என் கணவன் சிரிக்கிறான்.

வெள்ளைப் பாலத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்தோம்.
கீழே ரியோனி, வெளுத்த கற்கள்மேல் புரண்டு ஓடியது.
கஷ்பர் ஆற்றைப் பார்க்கவில்லை.
குந்தி உட்கார்ந்து போல்ட்டுகளை எண்ணினான்.
அவனுக்கு நாலு வரைதான் தெரியும்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
பாலம் முடிய ஒரு மத்தியானம் ஆயிற்று.

மூன்றாம் இரவு, மணி இரண்டு.
தெரியாத இருட்டில் விழித்துக்கொண்டு
"மாமா!" என்று கத்தினான்.
செக் மொழியில் அது நான்.
என் கால் தரைக்கு வந்துவிட்டது.
மூன்று வருஷமாக
என்னைக் கேட்காமலே இறங்குகிற கால் அது.

அதற்குள் கதவு திறந்தது.
நானுலி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்,
எவனுக்கோ வண்டி அனுப்பிக்கொண்டே
ராதிமைப் பிடித்து உலுக்கினாள்:
"மாமா! மாமா!"
என் பக்கம் உள்ளங்கையைத் தாழ்த்தினாள்.
நீ படு.

ராதிம் என்னைப் பார்த்தான்.
நான் போர்வையைப் பார்த்தேன்.

பால்கனியில் அவர்கள் பேசியது கொஞ்சம் கேட்டது.
மாமா.
என்னடா.
மாமா.
சொல்லு.
மாமா.
இங்கேதான் இருக்கேன்.
அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.
கிணற்றில் போட்ட கல்லுக்கு என்ன தெரியும்.

காலையில் நானுலி சீஸ் ரொட்டியைப் பிய்த்துவைத்தபடி
விரல் நீட்டி விளக்கினாள்.
என்னைக் காட்டி: தேதா.
ராதிமைக் காட்டி: மாமா.
ஜார்ஜியாவில் அம்மா தேதா.
அப்பாதான் மாமா.
பிள்ளை அப்பனைக் கூப்பிட்டால்
நீ எதற்கம்மா எழுந்திருக்கிறாய்?
ராதிம் வாய்விட்டுச் சிரித்தான்.
நானும் அப்போதுதான் கேள்விப்பட்டவள்போலச் சிரித்தேன்.

சொற்கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது.
ஜனவரியிலேயே படித்திருந்தேன்.
கோடுகூடப் போட்டிருந்தேன்.

மீதி ஐந்து இரவும்
அந்த ஊர் அகராதிப்படியே நடந்தது.
திராட்சைப்பாகில் தோய்த்த வாதுமைச் சரங்களைச்
சந்தையில் பேரம்பேசி வாங்கினேன்,
கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லாதவளாக.

இப்போது பிர்னோ. அக்டோபர்.
எங்கள் சுவர், எங்கள் இருட்டு, மணி இரண்டு.
"மாமா!"
என் கால் தரையைத் தொட்டது.
ராதிம் கண்ணைத் திறக்காமலே எழுந்தான்.
"படு," என்றான். "என்னைத்தான்."

நடைவழியில் விளக்கு எரிந்தது.
அழுகை நிற்கவில்லை.
பிள்ளை என்னைத்தான் கேட்கிறான்.
மூன்று பேருக்கும் அது தெரியும்.

காலை மெல்ல மேலே எடுத்துக்கொண்டு
எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
ஒன்று, இரண்டு,