மூடும் நேரம்

கொடிகாமத்தில் தேங்காய்க்குக் கணக்கிருக்கிறது,
சிரட்டைக்கு இல்லை.
சந்தைக்குப் பின்னால் குவிந்து கிடந்ததை
சாக்கு ஐம்பது ரூபாய்க்கு அள்ளி வந்தேன்.
இப்போது இருநூறு கேட்கிறார்கள்.
நான் விற்கத் தொடங்கிய பிறகுதான்
அது குப்பையில்லை என்று தெரிந்ததாம்.

இரண்டு தார்ப் பரல்கள்.
அடியில் ஆணியால் துளைத்த ஒன்பது ஓட்டை.
முதலில் ஒரு கை பொச்சு, காய்ந்த பன்னாடை,
ஒரு தீக்குச்சி.
பிடித்ததும் சிரட்டையைக் கொட்டு,
கொட்டு, கழுத்துவரை.
பிறகு வேலை எதுவுமில்லை,
புகையைப் பார்ப்பதைத் தவிர.

வெள்ளைப் புகை தண்ணீர்.
போன மாரியின் மிச்சம், போகட்டும்.
மஞ்சள் புகை கண்ணைப் பிடுங்கும்.
பக்கத்து வளவு நிர்மலகாந்தி
கொடியில் காய்ந்த உடுப்பை வாரிக்கொண்டு
என் பரம்பரையை விசாரிப்பது
இந்த நேரத்தில்தான்.
அதற்கும் பிறகு,
இருக்கிறதா இல்லையா என்று
தலையைச் சரித்துத் தேடவேண்டிய
மெல்லிய நீலம்.

அப்போது மூடு.
ஓட்டைகளுக்குக் களிமண், மூடிக்கு மேல் ஈர மணல்.
ஒரு தேத்தண்ணி நேரம் முந்தினால்
கபில நிறத்தில் கிடக்கும்,
சிரட்டையுமில்லாமல் கரியுமில்லாமல்.
அடுப்பில் வைத்தவரை அழ வைக்கும்.
ஒரு தேத்தண்ணி நேரம் பிந்தினால் சாம்பல்.
சாம்பல் எப்படியிருக்கும் என்று
இந்த ஊரில் யாருக்கும்
நான் சொல்லத் தேவையில்லை.

கரி என்பது
எரிந்து முடிக்க விடாத நெருப்பு.
பாதி வசனத்தில் வாயைப் பொத்தியது போல.
மிச்ச வசனம் உள்ளேயே இருக்கும்
யாராவது ஊதும்வரை.

இரவு திறக்கக் கூடாது.
விடிய எழும்பி
உள்ளங்கையை இரும்பில் வைத்துப் பார்ப்பேன்.
சுட்டால் பொறு.
ஒருமுறை பொறுக்கவில்லை.
மூடியை நெம்பியதும்
காற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு
பரல் முழுக்கச் சிவந்தது.
இடது புருவம் இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை.

ஐம்பது கிலோ போட்டால் பதினைந்து கிலோ வரும்.
மற்ற முப்பத்தைந்தும்
நிர்மலகாந்தியின் உடுப்பில்.

காஸ் வராத வருடம்
பளையிலிருந்தெல்லாம் சைக்கிள் மிதித்து வந்தார்கள்.
வெறும் சிலிண்டரையும் கரியலில் கட்டியபடி.
எங்கே விட்டுவிட்டு வருவது, பாவம்.
இப்போது வருகிறவர்கள் வேறு.
கன்னாதிட்டிப் பத்தர் குணபூசணம்
ஒவ்வொரு துண்டாய்த் தட்டிக் காதால் வாங்குவார்.
கிண் என்றால் பைக்குள்,
தொப் என்றால் திரும்ப எனக்கு.
பதினொரு பவுண் கொடி உருகும் இடத்தில்
நடிக்கத் தெரியாத கரி வேண்டுமாம்.
சுன்னாகத்து யூடித்துக்குக் கிணறு எண்ணெய் மணக்கிறது.
வாளியில் மணல், கரி, மணல் என்று அடுக்கி
வடித்துப் பார்த்தாளாம்.
மணம் கொஞ்சம் குறைவு, குடிக்கப் பயம்.
நாய்க்கு வைத்தாள்.
அது முகர்ந்துவிட்டு அவளைப் பார்த்ததாம்.

போன மாதம் லக்சிகா வந்தாள்,
மருதனார்மடத்தில் படம் கீறப் படிக்கிற பிள்ளை.
மைலோ டின் நிறையப் பூவரசங் குச்சி,
பென்சில் மொத்தம், தோல் சீவியது.
"இதையும் உள்ளுக்குப் போடுங்கோ அக்கா."
போட்டேன்.
மறுநாள் திறந்தால்
ஒன்றுகூட வளையாமல், கொஞ்சம் மெலிந்து,
வரிசையாகக் கறுப்பு.

நின்ற இடத்திலேயே
சீமெந்துப் பையைக் கிழித்து மறுபக்கம் கீறினாள்.
கோட்டைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து
பரலுக்கு வயிறு வைத்தாள்.
என் முகம் கீறினாள்.
புருவத்தை முளைக்க வைத்திருக்கலாம்,
வைக்கவில்லை.
"புகை எங்கே?" என்றேன்.
"விட்டிருக்கிறன்" என்றாள்.
பார்த்தேன். பரலுக்கு மேலே
கரியே படாத இடம் ஒன்று
வளைந்து வளைந்து போனது.

டின்னுக்கு நூறு சொன்னேன்.
ஐம்பதைத் தந்து
படத்தையும் தந்துவிட்டுப் போனாள்.

கொட்டிலில் தொங்குகிறது.
அவள் விட்ட இடம் இப்போது
மெல்ல மஞ்சளாகி வருகிறது.
நீலத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது.