ஓர் அங்குலம்

ஏப்ரலில் எங்கள் ஊரில் சாலைகள் இரண்டு வகை:
உடைந்தவை, உருகுகிறவை.
மெய்ன் மாநிலத்தின் உச்சந்தலையில்,
கனடாவுக்குக் கைநீட்டும் தூரத்தில்,
உருளைக்கிழங்கு வயல்கள் பனியைக் கழற்றிப் போட்டுவிட்டுச்
சேறாய்க் கிடக்கும் மாதம்.
கார் விற்பதற்கும் அதுதான் மாதம்.

ஷோரூமில் இரண்டு நிற்கின்றன, ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
ஒன்றுக்கு வெண்ணெய் நிறத் தோல் இருக்கை,
முதுகுக்குச் சூடு, ஸ்டியரிங்குக்கும் சூடு,
கதவைச் சாத்தினால்
உலகம் வாயைப் பொத்திக்கொள்ளும்.
மற்றதற்குப் பல் பெருத்த டயர்,
அடிவயிற்றில் இரும்புத் தகடு,
கட்டி இழுக்க முன்னால் ஒரு சிவப்பு வளையம்,
தரையிலிருந்து ஓர் அங்குலம் கூடுதல்.
விலை ஏறக்குறைய ஒன்றே.

ஒன்பது வருஷமாக விற்கிறேன்.
இரண்டாவதைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் விற்பது
அவர்கள் ஏறப்போகாத மலையை.
மூன்று வருஷம் கழித்து வண்டி மாற்ற வரும்போது
அந்தச் சிவப்பு வளையத்தில் ஒரு கீறல் இருக்காது.
பின் இருக்கை இடுக்கில் சிப்ஸ் தூள் இருக்கும்.
குறையாகச் சொல்லவில்லை.
என் வீட்டிலும் ஒரு கூடாரம் இருக்கிறது,
உறை பிரிக்காமல்.

ஒடீல் சிர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
கணுக்கால்வரை சேறு அப்பிய பூட்ஸோடு.
சாகக் கிடப்பவர்களை வீடு வீடாய்ப் போய்ப் பார்க்கும் நர்ஸ்.
கூடவே கணவர் ரெனால்ட்,
முதுகெலும்பில் ஆறு ஸ்க்ரூ.

"வருஷத்தில் எத்தனை நாள் தார்ச்சாலையை விட்டு இறங்குவீர்கள்?"
எல்லோரையும் கேட்பேன்.
எல்லோரும் கூரையைப் பார்த்து ஒரு பொய் சொல்வார்கள்.
ஒடீல் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.
"போன வருஷம் பதினொரு நாள்."
விரல் ஒரு வரியில் நின்றது.
"இதோ இந்த நாள் சேற்றில் புதைந்து,
டிராக்டர் வந்து இழுத்து,
நான் போய்ச் சேர இருபது நிமிஷம் முன்னால்..."
நோட்டை மூடிவிட்டார்.

முந்நூற்று அறுபத்தைந்தில் பதினொன்று எத்தனை சதவீதம் என்று
எங்களுக்குப் பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருவார்கள்.
அன்று அந்தக் கணக்கு நாக்கில் ஏறவில்லை.

ஓட்டிப் பார்த்தோம், தண்டவாளம் தாண்டி,
உறைபனி அடியிலிருந்து முட்டி மேடாக்கிய பழைய சாலையில்.
சொகுசு வண்டியில் ரெனால்ட் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்,
சின்னதாய் விசில்கூட அடித்தார்.
காட்டு வண்டியில் பேச்சே இல்லை.
ஒவ்வொரு மேட்டுக்கும் அவர் கை கதவுப் பிடியைத் தேடியது.
ஒடீலின் கண் சாலையில் இல்லை,
அந்தக் கையில்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன்.
பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

"கொஞ்சம் இரு," என்றார் ரெனால்ட்.
சொகுசு வண்டியில் ஏறினார்: குனிந்து, மடங்கி,
இருக்கையைத் துழாவும் இடுப்பு, பல்லிடுக்கில் மூச்சு.
இறங்கினார்.
காட்டு வண்டியில் ஏறினார்;
ஏறினார் என்பதே தப்பு.
திரும்பி நின்றார், உட்கார்ந்தார்.
இருக்கை அவர் உயரத்துக்கே வந்து காத்திருந்தது.
மறுபடி அது. மறுபடி இது.
ஓர் அங்குலத்தை உடம்பால் அளந்தவரை
அன்றுதான் பார்த்தேன்.

"போகும்போது வலிக்குமே," என்றார் ஒடீல்.
"ஏறும்போது வலிக்காது. நீ மெதுவாய் ஓட்டு."
"நான் எப்போது மெதுவாய் ஓட்டியிருக்கிறேன்?"

காபி மெஷின் பக்கம் போய்
வீட்டுப் பிரெஞ்சில் சண்டை போட்டார்கள்.
எனக்குப் புரிந்தது பதினொன்று என்ற எண் மட்டும்.
அது பல தடவை வந்தது.

காட்டு வண்டியைத்தான் எடுத்தார்கள்.
யாரும் கேட்காமலே நாலு டயரிலும்
கொஞ்சம் காற்றை இறக்கி வைத்தேன்.
எங்கள் வாசலிலும் பனி தூக்கிய மேடு ஒன்று உண்டு,
ஒன்பது வருஷமாய் யாரும் சரிசெய்யாதது.
அதன் முன்னால் பிரேக் விளக்குகள் எரிந்தன.
முன் சக்கரம் ஏறி இறங்கி,
பின் சக்கரமும் ஏறி இறங்கி,
அப்புறமும் கொஞ்ச நேரம்
எரிந்துகொண்டே இருந்தன.