முன்பாரம்

தண்ணீரில் இறங்கிய முதல் நாளே
படகு வானத்தைப் பார்த்தது.
ஸினோவி எஞ்சினை முறுக்க முறுக்க
அணியம் எழும்பிக்கொண்டே போனது,
குரைக்கத் தலை தூக்கிய நாய் மாதிரி.
எதிரே ஏரி இல்லை, மிதவை இல்லை.
என் கணவனுக்குத் தெரிந்ததெல்லாம்
அவனே இரண்டு பூச்சு பச்சை அடித்த பிளைவுட்.

பெய்ப்சி ஏரியில் அப்படி ஓட்டக் கூடாது.
நடுவில் ரஷ்யா இருக்கிறது.
மஞ்சள் மிதவையைத் தாண்டினால்
மீனை விட்டுவிட்டு நம்மை எடை போடுவார்கள்.

"முன்னால் பாரம் வேண்டும், உஸ்தீன்யா."

எங்கள் கரையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும்
வெங்காயத்துக்கு வராது.
இரண்டு மூட்டை ஏற்றினான்.
மூட்டை விற்றுப் போன வாரங்களில்
என்னை ஏற்றினான்.
நாற்பத்தொன்பது கிலோ நான்,
ஒன்றரை மூட்டை வெங்காயம் என்று அவன் கணக்கு.
ஒவ்வொரு அலையும் முதலில் என் முதுகெலும்பில் ஏறி
அப்புறம்தான் படகுக்குப் போனது.

ஆகஸ்டில் பேட்டரியை முன்னுக்கு நகர்த்தினான்.
பிறகு பெட்ரோல் டாங்கை.
பழைய ஃபிரிட்ஜ் கதவை வெட்டி
பின்பலகையின் அடியில் இரண்டு தகடு முடுக்கினான்.
எஞ்சினை ஒரு துளை உள்ளே சாய்த்துப் பூட்டினான்.
ஒவ்வொன்றுக்கும் அணியம்
ஒரு விரல்கடை இறங்கிக் கொடுத்தது,
கறாரான வியாபாரி விலை குறைப்பது போல.

நவம்பரில், நோன்பு நாளில்,
எண்ணெய் படாத முட்டைக்கோஸைத் தின்றுவிட்டு
கொட்டகைக்குப் போய்
படகை இரண்டாக அறுத்தான்.

பக்கத்து வீட்டு ஃபெதுல் எட்டிப் பார்த்து
இரண்டு விரலால் சிலுவை போட்டுக்கொண்டு
ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனான்.
"நீளம் போதவில்லை," என்றான் ஸினோவி,
தலைமுடியெல்லாம் மரத்தூள்.
"அறுபது சென்டிமீட்டர். அவ்வளவுதான்."

மூன்று வாரம் அந்த அறுபது சென்டிமீட்டர்
எனக்கு ஒரு நடைபாதை.
வாளியோடு படகின் நடுவே புகுந்துதான்
உருளைக்கிழங்கு எடுத்து வருவேன்.
இடப்பக்கம் அமரம், வலப்பக்கம் அணியம்,
இரண்டுமே என்னைப் பார்த்து வாய் பிளந்திருந்தன.

பிறகு அடைத்தான்.
சட்டம் வைத்து, பலகை வைத்து,
கண்ணாடி இழைத் துணி ஒட்டி.
குளிருக்கு எபாக்சி இறுக மறுத்தது.
டப்பாக்களைக் குளியலறைக் கொப்பரையில் போட்டுச் சூடாக்கினான்.
அந்தச் சனிக்கிழமை ஊரே குளித்து மணக்க,
நாங்கள் இருவரும் பிசின் நெடி.

ஏப்ரல் கடைசியில் பனிக்கட்டி விலகியது.
இறக்கினோம்.
அணியம் தாழ்ந்துதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
ஆனாலும் வேகம் பிடித்ததும்
மெதுவாக, வெட்கமில்லாமல்,
மறுபடி தலை தூக்கியது.

எஞ்சினை நிறுத்திவிட்டு
வெகுநேரம் பின்பலகையையே பார்த்தான்.
"இன்னும் ஒரு நாற்பது..." என்று ஆரம்பித்தான்.

"எழுந்திரு," என்றேன்.
"எதற்கு?"
"நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாய்.
பேட்டரியை நகர்த்தினாய், டாங்கை நகர்த்தினாய்,
என்னையும் வெங்காயத்தையும் மாற்றி மாற்றி நகர்த்தினாய்."

அவன் சிரிக்கவில்லை.
தவழ்ந்து இரண்டு இருக்கைப் பலகையைத் தாண்டி
முன்னால் போய் என்னைப் பார்த்து உட்கார்ந்தான்.
நான் சுக்கான் பிடியைப் பிடித்தேன்.
என் கைக்குள் அது தேனீக்கூடு மாதிரி அதிர்ந்தது.
படகு ஒரு தரம் தயங்கி
பிறகு மாவுப் பலகை போலத் தட்டையாகப் படுத்து
ஓடியது.

அவன் தோளுக்கு மேலே ஏரி தெரிந்தது,
மிதவை தெரிந்தது,
ஒரு வலைக் கொடி, சிவப்பு.
சாரல் முழுக்க அவன் முதுகில்.
மெதுவாக, மெதுவாக என்று கையை ஆட்டினான்.
வணக்கம் சொல்கிறான் என்று வைத்துக்கொண்டேன்.

அறுபது சென்டிமீட்டர் வீண் என்று
நான் இதுவரை சொல்லவில்லை.
மீன்பெட்டி அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.
ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும்
எபாக்சிக்குள் ஒரு வெங்காயச் சருகு சிக்கியிருக்கிறது,
தேன் நிறத்தில், நகமளவு.
கரை திரும்பும்வரை அவன்
அதைச் சுரண்டிக்கொண்டே வந்தான்.
வரவில்லை.