மூன்றரைக் கிலோ

பதினோரு குளிர்காலம்
மூன்றரைக் கிலோ துப்பாக்கியை முதுகில் கட்டி
ஒட்டெபாவின் பனிமேட்டில் சறுக்கியவள் நான்.
இரைக்க இரைக்க வந்து, குப்புறப் படுத்து,
பாதி மூச்சை வெளியே விட்டு
மீதியை நெஞ்சுக்குள் நிறுத்திச் சுடுவேன்.
அந்த இடைவெளியில்
இதயம்கூட எனக்காகக் காத்திருக்கும்.
ஒரு குண்டு தவறினால் ஒரு தண்டனைச் சுற்று.

இப்போது குப்புறப் படுக்க முடியாது.
செவ்வாய்தோறும் நூலகத்து மாடியில்
கம்பளியில் ஒருக்களித்துக் கிடக்கிறேன்.
"நிறுத்தாதே கைசா," என்கிறாள் மருத்துவச்சி ஹெல்வே.
"நாலுக்கு இழு, ஆறுக்கு விடு.
எதையும் குறிவைக்காதே."

குறிவைக்காமல் எப்படி மூச்சு விடுவது?
கண்ணை மூடினால்
ஐந்து கருப்பு வட்டங்கள்.
பக்கத்தில் உர்மாஸ் எண்ணுகிறான்,
ஐந்தை விட்டுவிட்டு ஆறுக்குத் தாவுகிறான்.
சிரிப்பு வந்து
சேர்த்துவைத்த காற்றெல்லாம் போயிற்று.
உள்ளே ஓர் உதை.

ஸ்கேனில் சொன்னார்கள்,
மூன்றரைக் கிலோ வரும் என்று.
பழகிய எடைதான்.
வார்ப்பட்டை மட்டும் இல்லை.

இரவு. தெருவில் பனி வழிக்கும் வண்டி
வருகிறது, போகிறது.
அதோடு சேர்ந்து விடுகிறேன்.
நாலு.
ஆறு.
எங்கோ நடுவில் எண்ணிக்கை தவறுகிறது.
தண்டனைச் சுற்று என்று
யாரும் கூவவில்லை.
வண்டி திரும்பவும் வருகிறது.