அலுமாரிக்குக் கீழே

மூன்று வருடமாய் என் பல்மருத்துவக் கதிரையின் குழாய்
சொட்டுச் சொட்டாய் ஒழுகி
மேல்மாடித் தளத்தில் பதினொரு பலகையைத் தின்றிருக்கிறது.
கீழே இரும்புக்கடை.
ஆணிப் பெட்டிக்குள் தண்ணீர் விழுந்த அன்றுதான்
எனக்குச் சேதி வந்தது.

கல்லடியிலிருந்து செலர் பாஸ் வந்து குந்தியிருந்தார்.
நான் பல்லைத் தட்டுவதுபோல் தட்டினார்.
"முதிரை, டொக்டர். ஒண்டேகால் அங்குலம். இப்ப வாறது ஒண்டுதான்.
கால் அங்குலத்துக்கு அடியில துண்டு வைக்கலாம்.
நிறத்துக்கு என்னத்தை வைக்கிறது?"

பெர்மிட்டோடு வந்திறங்கிய புதுப்பலகை
பலாச்சுளை மஞ்சள்.
பழையது வெயிலும் செருப்பும் மெழுகும் குடித்துக்
கித்துள் பாணி.

நிறம் என் தொழில்.
பதினாறு மாதிரிப் பல்லை உதட்டோரம் பிடித்துப் பார்ப்பவள்.
ஈரத்தில் பார்க்கவேண்டும், ஜன்னலோரம் பார்க்கவேண்டும்,
சிவப்புச் சேலை கட்டிய நாளில் பார்க்கவே கூடாது.

தேயிலைச் சாயம் பூசினோம். வினாகிரியில் துருவேறிய ஆணி ஊறவைத்துப் பூசினோம்.
ஒரு துண்டு காலையில் பொருந்தி மதியம் விலகியது.
ஒன்று மட்டும் நாலரை மணிக்கு,
வாவி வெளிச்சம் சரிந்து ஏறிய பத்து நிமிடம்,
பாஸே எல்லையைத் தவறவிட்டார்.
பிறகு ரியூப்லைட் போட்டோம்.

"படுக்கிற ஆக்கள் கூரையைத்தானே பாக்கிறாங்க" என்றாள் ஷிபானா.
சரிதான். நிற்பவள் நான்.

கடைசி யோசனை பாஸுடையது:
அலுமாரிக்குக் கீழுள்ள பழசைக் கழற்றி நடுவில் போடுவது,
புதுசை அங்கே ஒளிப்பது.
மேல்வாயில் தோலெடுத்து முரசில் ஒட்டுகிறேனே, அதேதான்.

கட்டடத்தோடு வந்த அலுமாரி. மூன்று பேர் தள்ளினோம்.

ஒரு ஐந்து சதம். காய்ந்த கரப்பான்.
அப்புறம் ஒரு நீள்சதுரம்,
பலாச்சுளை மஞ்சள்.

பாஸ் புதுத்துண்டை அதன் நடுவில் வைத்தார்.
கண்ணை எடுத்தால் தேடவேண்டியிருந்தது.

காதிலிருந்த பென்சிலை எடுத்து
"நிறம் பொருத்த: எண்ணாயிரம்" என்ற வரியை வெட்டினார்.
"ஜன்னல் சீலையைக் கழட்டுங்க, டொக்டர்."

இப்போது நடுவில் பதினொரு பலகை,
நேற்றுக் கட்டிய பல்லைப்போல் பளிச்சென்று.
ஏறாவூரிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றி
அதைச் சுற்றி நடந்து கதிரையில் ஏறினார்.
போகும்போது சொன்னேன்:
"மிதிச்சுப் போங்க.
மிதிக்கத்தான் வேணும்."