தலைப்பு பேசுகிறேன்

போன் அடித்தால் இங்கே யாரும்
பேர் சொல்வதில்லை.
"மூணாறு தலைப்பு பேசுறேன்" என்போம்.
அந்தப் பக்கமும் ஆள் இல்லை.
"மன்னார்குடி பேசுது, எவ்வளவு போகுது?"
இரண்டு ஊர்கள் பேசிக்கொள்ளும்,
நடுவில் என் தொண்டை கொஞ்சம் கரகரக்கும்.

வெண்ணாறு வந்து மூன்றாகிற இடம்.
மூன்றாக்குவது நான்தான் என்று
பதினோரு வருஷம் நம்பியிருந்தேன்.
திருகாணிக்கு கிரீஸ் வைத்து
சக்கரத்தை இருபது சுற்று சுற்றினால்
பலகைக்கு இந்தப் பக்கம் வெண்ணாறு,
அந்தப் பக்கம் கோரையாறு.
பெயர் மாறுகிற அந்த இடத்தில்
குனிந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.
துருப்பிடித்த இரும்பு, இரண்டங்குலக் கனம்.
அதன் அடியில்
எந்தப் பெயரும் இல்லாமல் ஓடுகிறது.

புரட்டாசியில் ஒருநாள்
கடைமடையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார்.
பால்பிடிக்கிற பருவத்தில் பயிர் காய்கிறதாம்.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே கைகாட்டிக் கேட்டார்:
"இதுல எங்க தண்ணி எது?"
நான் சிரிக்கவில்லை.
பயிர் காய்கிறவனிடம் சிரிக்க முடியாது.
இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம்
தேடினோம்.

அவர் போய்விட்டார்.
கேள்வி மட்டும், மறந்துபோட்ட துண்டு மாதிரி
சுவர்மேல் கிடந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு
சொசைட்டிக் கடன் வந்தது.
அதன் பின்னாலேயே தம்பி, வரப்புத் தகராறு,
ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார்
எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு சொல்.
ஒன்றையும் நான் கூப்பிடவில்லை.
எங்கே மழை பெய்து
எந்த மடை திறந்து வருகின்றன, தெரியாது.
இதில் என் நினைப்பு எது?

அதற்குள் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது.
மடத்துச் சாமி ஒருவர் கதை சொல்லும்போது
உலகத்தை ஆகாயத்தாமரை என்பார், இல்லாத பூ.
சரிதான் சாமி.
இங்கே வந்து பாருங்கள்,
இல்லாத பூ மூன்று கண்ணையும் அடைத்து
மேல்தண்ணீரை அரையடி ஏற்றிவிட்டது.

கொக்கிக் கம்பால் இழுத்து இழுத்துக் கரையேற்றினேன்.
கம்புக்கு எட்டியதெல்லாம் வந்தது.
பிறகு
கம்பைப் பிடித்திருந்த கை,
கையின் வலி, வலியைத் திட்டிய வாய்
எல்லாமே அந்தப் பக்கத்தில்
தாமரையோடு தாமரையாக மிதந்தன.
அப்படியானால் இந்தப் பக்கம் யார் என்று
திரும்பி டார்ச் அடித்தேன்.
பாலம். ஈரம்.
கண் மின்ன ஒரு நாய்.

அளவுகோலில் நாலடி.
"நாலடி நிக்குது" என்றுதான் போனில் சொல்வது.
ஒரு சொட்டும் நின்றதில்லை.
நின்றது நாலு.
வெள்ளையில் கறுப்பு பெயிண்ட் அடித்த நாலு.
அதற்குத்தான் இத்தனை காலம்
சோறு போட்டு, சட்டை தைத்து,
சாதிச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேனோ.

எல்லாம் கடலில் ஒன்றாகும் என்பவர்கள்
சொல்லிக்கொண்டிருக்கட்டும்.
எனக்கு அலையாத்திக் காடு வரை போய்ப் பார்க்க
லீவு கிடைத்ததில்லை.
பிரிக்கிற இடத்திலேயே பார்த்துவிட்டேன்,
பிரியவில்லை.

விடிகாலை ஆறு மணிக்குப் பதிவேடு.
மேல்மட்டம் நாலு புள்ளி ஒன்று.
கீழ்மட்டம் மூன்று புள்ளி ஆறு.
'பணியில் இருந்தவர்' என்ற கட்டத்தில்
பேனா நின்றுகொண்டது.
குருவிகள் கத்த ஆரம்பித்திருந்தன.
வெளிச்சம் யாருக்கும் இல்லாமல்
தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்தது.

போன்.
புதிதாக வந்திருக்கும் ஜே.இ., மெகருன்னிசா மேடம்.
தலைப்பைக் கேட்கத் தெரியவில்லை அவருக்கு.
"யாரு, பக்கிரிசாமியா?"

எங்கிருந்தோ ஒருவன்
என் தொண்டைக்குள் அவசரமாக எழுந்து உட்கார்ந்து
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
"ஆமாங்க மேடம்" என்றான்.

கட்டத்திலும் அவனே கையெழுத்துப் போட்டான்.
கையெழுத்து
நன்றாகத்தான் இருந்தது.