மடைச்சோணையின் பங்கு

மாசிக் கடைசி.
நெடுமடைக் கண்மாயில் முழங்கால் தண்ணி.
"ஞாயித்துக்கெழம அழிகண்மா" என்று
வாட்ஸப்பில் வந்ததும்
மாட்டுத்தாவணி ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டேன்.

மேலூர் தாண்டி ஒன்பது கிலோமீட்டர்.
கரையில் கால்வைக்க இடமில்லை.
ஊத்தா, கச்சா, கொசுவலை, கிழிந்த சேலை,
யாரோ ஒருவன் ஃபேன் மூடியோடு வந்திருந்தான்.
பெரியம்பலம் வெள்ளைத்துண்டை வீசினார்.
அவ்வளவுதான்.
கண்மாய் சேறாக எழுந்து நின்றது.

நாரைகள் கருவேல உச்சிக்கு ஏறி
வரிசையாய் உட்கார்ந்து பார்த்தன,
பந்தியில் இடம் கிடைக்காத
சம்பந்தி வீட்டார் மாதிரி.

இந்தக் கண்மாய்க்கு ஒரு கணக்கு உண்டு:
யார் கையில் எது அகப்பட்டாலும்
முதல் மீன் மடைக்கு.

ஓர் ஐப்பசி ராத்திரி
மலையில் பெய்ததெல்லாம் இறங்கி வந்து
கலிங்கு போதாமல்
கரை வேர்த்துக் கசிந்தபோது
இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு
சோணை குமிழித்தூம்பில் இறங்கினான்.
அடைப்புக்கல் பெயர்ந்தது.
வயல்பக்கம் தண்ணீர் சீறியது.
கரை நின்றது.
கயிறு மட்டும் மேலே வந்தது.

அறுந்ததென்பார்கள் கீழத்தெருவில்.
அவனே அவிழ்த்தானென்பார்கள் மேலத்தெருவில்.
நிலம் எழுதித் தருகிறோம் என்ற சபையில்
அவன் பெண்டாட்டி பூச்சி கேட்டாளாம்:
"நிலம் எதுக்கு?
மூச்சு முட்டிப் போனவனுக்கு
மூச்சுவிடுற உசுரா
மொதப் பங்கு குடுங்க."

உச்சி வெயில்வரை எனக்கு ஒன்றும் சிக்கவில்லை.
காலில் கல் தட்டியது.
தூம்புத்தூண் அடி.
சேற்றுக்குள் கட்டைவிரலால் தடவினேன்:
வாலொன்று, செதிலொன்று, அருகே இன்னொன்று.
கல்லில் வெட்டிய இரட்டைக் கயல்.
இத்தனை ஊத்தாவுக்கும் தப்பியவை அவை மட்டும்.

அப்போதுதான் அந்த விரால்
என் ஊத்தாவில் முட்டியது.
முழங்கை நீளம். பாம்புத்தலை.
முதல் மீன்.
அன்றைக்குக் கடைசி மீனும் அதுதான்.

யாரும் பார்க்கவில்லை.
ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் ஆய்வதற்குக் கை வரவில்லை.
காலையில் பார்க்கலாம் என்று
வாளியில் விட்டு, பலகையால் மூடி,
பக்கத்திலேயே படுத்தேன்.
தண்ணீர் பத்தாது விராலுக்கு.
மேலே வந்து காற்றைக் கடித்துக்கொண்டு போகும்.
பொளக்.
கொஞ்ச நேரம் கழித்து, பொளக்.
இருட்டில் நானும்
மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று.
அதற்குமேல் எண்ண முடியவில்லை.
அவன் எதுவரை எண்ணியிருப்பான்?
பொளக்.

திங்கட்கிழமை முதல் பஸ்.
எனக்கு இலவசம், வாளிக்கு லக்கேஜ் என்றார் கண்டக்டர்.
"எல்லாரும் மீனை ஊருக்குக் கொண்டு போறாக,
நீ கண்மாய்க்குக் கொண்டு போற?"
பத்து ரூபாய் கொடுத்தேன்.
மீதி அவரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரே நாளில் கண்மாய் வேறாகியிருந்தது.
ஒற்றைச் செருப்புகள், பிளாஸ்டிக் கவர்,
வெடிக்கத் தொடங்கிய சேறு.
தூம்படிக் குழியில் மட்டும்
இடுப்பளவு கலங்கல்.
விளிம்பில் ஒரு மடையான்
கழுத்தை இழுத்துக்கொண்டு
தவணை வாங்க வந்தவன்போல் நின்றது.

அதற்குத் தெரியாமல்
முந்தானையால் மறைத்து
வாளியைச் சாய்த்தேன்.
விரால் ஒரு நிமிஷம் அசையவே இல்லை.
பிறகு கல் கயல்களை உரசிக்கொண்டு
துளைக்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரம் நின்றேன்.
மேலே வரவில்லை.
நாற்பத்தொன்று தாண்டியும்
எண்ணிக்கொண்டிருந்தேன்.
மடையானும்தான்.